முதல் சம்பளமும் முதல் தவணையும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்கே பாதி வீடுகளில் கணக்கு ஆரம்பித்துவிடும். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. ஆக, 200-க்கு கட்-ஆஃப் எவ்வளவு? போன வருடம் அந்தக் கல்லூரியில் மெக்கானிக்கல் எத்தனையில் முடிந்தது? எந்தச் சுற்றில் நம்ம நம்பர் வரும்? அரை மார்க், கால் மார்க் என்று விரல் விட்டு எண்ணுவார்கள். அதே வீட்டில், நான்கு வருடம் கழித்துப் பையன் கையில் மாதம் எவ்வளவு வரும், அதில் பேங்குக்கு எவ்வளவு போகும் என்று யாராவது ஒரு தாளில் எழுதிப் பார்த்தார்களா என்றால், அநேகமாக இல்லை. "இன்ஜினீயர் ஆயிட்டா கட்டிட மாட்டானா?" என்பார் அப்பா. அத்தோடு அந்தக் கணக்கு முடிந்துபோகும்.

மெக்கானிக்கல் எடுக்கிற பிள்ளைகள் இந்தக் கணக்கைக் கண்டிப்பாகப் போட்டுப் பார்க்க வேண்டும். இந்தத் துறையில் சம்பளம் ஏறும். ஆனால் நின்று நிதானித்துத்தான் ஏறும். கடனோ படிப்பு முடிந்த ஓராண்டில் வாசலில் வந்து நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவே கிடக்கிற நான்கைந்து வருடங்களில்தான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. மெக்கானிக்கல் படிக்கலாமா, கூடாதா என்று டீக்கடை முதல் டி.வி. விவாதம் வரை பேசியாகிவிட்டது. எவ்வளவு கடன் வரைக்கும் வாங்கிப் படிக்கலாம் என்று பேசுகிறவர்கள் குறைவு.

ராயல் மெக்

கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் பட்டப்படிப்பு 1894-ல் தொடங்கியது. அதன்பின் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் அது ஒரு சிலருக்கு மட்டும் வாய்த்த படிப்பு. 1984-ல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்தது. தொண்ணூறுகளின் பிற்பாதியில் மறைமலை நகருக்கு ஃபோர்டும், இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாயும் வந்தன. 1998-ல் சான்ட்ரோ கார் சாலைக்கு வந்தபோது, அதன் பின்னாலேயே சீட், பம்பர், பிரேக், கண்ணாடி என்று உதிரிபாகக் கம்பெனிகள் வரிசை கட்டின. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், இரண்டு வருடம் கழித்து டெய்ம்லர். கல்லூரிகளில் 'ராயல் மெக்' என்று டி-ஷர்ட் அடித்துப் போட்டுக்கொண்டு திரிந்தது அந்தக் காலத்துப் பையன்கள்தான். வகுப்பில் பெண்களே இல்லை என்பதைக்கூடப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒரே டிபார்ட்மென்ட் அதுவாகத்தான் இருக்கும்.

2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. அதற்கு முன்பே காற்று திசைமாறத் தொடங்கியிருந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ், ஏ.ஐ., டேட்டா சயின்ஸ் என்று பெயரில் இருந்தாலே இடம் நிரம்புகிறது. மெக்கானிக்கல் சேர ஆளில்லாமல் கல்லூரிகள் இடங்களைக் குறைத்தன, சில மூடியும்விட்டன. தொழிற்சாலைகள் போய்விடவில்லை. ராணிப்பேட்டை பனப்பாக்கத்துக்கு டாடா மோட்டார்ஸ் வந்திருக்கிறது, தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் ஆலையைத் திறந்துவிட்டது, ஓசூர் வளர்ந்துகொண்டே போகிறது. வேலை இருக்கிறது. அந்த வேலைக்குத் தொடக்கத்தில் கொடுக்கிற கூலிதான் இடிக்கிறது.

இருபதாயிரம் என்று நினைத்தது

வேலைக்கான கடிதத்தில் ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கோவைப் பக்கத்து உதிரிபாகக் கம்பெனிகளில் ஜி.இ.டி. என்கிற பட்டதாரிப் பயிற்சிப் பொறியாளருக்கு இது சகஜமான தொகைதான். இதைவிடக் குறைவாகக் கொடுப்பவர்கள் உண்டு. பெரிய கம்பெனிகளில் இதைப்போல் இருமடங்கும் உண்டு. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 20,000. ஊரில் சொந்தக்காரர்களுக்குச் சொல்லப்படுவது இந்த இருபதுதான்.

இப்போது சம்பளச் சீட்டை வரிவரியாகப் பார்க்கலாம். அடிப்படைச் சம்பளம் 12,000 என்றால், கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 1,440 ரூபாயும் அந்த இருபதாயிரத்துக்குள்தான் அடங்கியிருக்கிறது. ஐந்து வருடம் வேலை பார்த்தால்தான் கிடைக்கும் கிராஜுவிட்டிக்கென ஒரு 577 ரூபாயும் அதற்குள். கம்பெனி பங்கு இ.எஸ்.ஐ. ஏறத்தாழ 566. இவை போக மொத்தச் சம்பளம் 17,400 சொச்சம். இதிலிருந்து பையனுடைய பங்கு பி.எஃப். இன்னொரு 1,440, இ.எஸ்.ஐ. 131 பிடித்தால், மாதக் கடைசியில் போனுக்கு வருகிற மெசேஜில் 15,800-தான் இருக்கும். கேன்டீனுக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் பிடித்தம் இருந்தால் அதுவும் இல்லை.

நாலு பேர் சேர்ந்து எடுத்த ரூம் வாடகை, மெஸ், ரீசார்ஜ், மாதம் ஒருமுறை ஊருக்கு பஸ். எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் எட்டாயிரம், ஒன்பதாயிரம் போய்விடும். மிச்சம் ஏழாயிரம். அதுவும் வீட்டுக்கு ஒரு பைசா அனுப்பாமல் இருந்தால்.

வேலை என்று சொல்லி அப்ரண்டிஸாக எடுப்பவர்களும் இருக்கிறார்கள். 2019-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி பட்டதாரி அப்ரண்டிஸுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000; டிப்ளமாவுக்கு 8,000. நான்கு வருடம் படித்தவனுக்கும் மூன்று வருடம் படித்தவனுக்கும் சட்டம் வைத்திருந்த வித்தியாசம் அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒரே சி.என்.சி. மெஷின் பக்கத்தில் நின்று, ஒரே வெர்னியரால் ஒரே பீஸை அளந்துகொண்டிருப்பார்கள். "தம்பி டிப்ளமாவா, பி.ஈ.யா?" என்று லைன் சூப்பர்வைசர் அண்ணன் கேட்கிறபோதுதான் வித்தியாசமே தெரியும்.

ஐந்தாறு வருடம் போனால் கதை வேறு. டிசைன், டூலிங், குவாலிட்டி என்று ஏதாவது ஒன்றில் கை தேர்ந்தவனுக்கு, இரண்டு கம்பெனி மாறினாலே சம்பளம் இரண்டு மடங்கு, சிலருக்கு மூன்று மடங்கு ஆவதைப் பார்க்கிறோம். வெல்டிங் ஆய்வு, என்.டி.டி. சான்றிதழ் என்று பிடித்துக்கொண்டு வளைகுடாவுக்குப் போனவர்களின் கதை தனி. மெக்கானிக்கல் சோறு போடாது என்று சொல்வது தவறு. பந்தி கொஞ்சம் தாமதமாகப் போடப்படும். அதுவரை பசி தாங்க வேண்டும்.

நாலு லட்சம் வரைக்கும் ஜாமீன் வேண்டாமாமே!

"சார், நாலு லட்சம் வரைக்கும் ஜாமீன் எதுவும் வேண்டாமாமே. முழுசா போட்டுருங்க சார்."

"போட்டுடலாம்யா. பையன் சீட் அலாட்மென்ட் ஆர்டர், கட்டண விவரம், உங்க வருமானச் சான்றிதழ் கொண்டாங்க."

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் எந்த வங்கிக் கிளையிலும் கேட்கக்கூடிய பேச்சு இது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் 2001-ல் வந்தது. அதன்படி 4 லட்சம் வரை சொத்து அடமானமோ, கையிலிருந்து போடும் பங்கோ தேவையில்லை. பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டால் போதும். 7.5 லட்சத்தைத் தாண்டினால்தான் சொத்துப் பத்திரம். படிப்புக் காலத்தோடு ஓராண்டு சேர்த்துத் தவணை விடுப்பு. அதுவரை ஏறுவது தனி வட்டி. அதன்பின் 15 ஆண்டுகள் வரை திருப்பிக் கட்டலாம். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது நல்ல திட்டம்தான், சந்தேகமில்லை. ஆனால், ஜாமீன் இல்லாமல் வங்கி கொடுக்கிற உச்சவரம்பையே நம்மால் திருப்பிக் கட்ட முடிகிற அளவு என்று எடுத்துக்கொள்வதில்தான் கோளாறு.

கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு வருடத்தில் 4 லட்சம் வாங்குகிறோம். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடப் பணத்துக்கு ஐந்து வருட வட்டி, இரண்டாம் வருடத்துக்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு. ஆக 1,40,000 ரூபாய் வட்டி. முதல் தவணை கட்டும் நாளில் கடன் 5,40,000. பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் 7,136 ரூபாய். கையில் மிஞ்சுவது ஏழாயிரம் என்று மேலே பார்த்தோம். 15 வருடத்துக்கு நீட்டினால் மாதம் 5,803 ரூபாயாகக் குறையும். ஆனால் மொத்தமாகக் கட்டி முடிப்பது பத்தரை லட்சத்தை ஒட்டி வந்துவிடும். 21 வயதில் படிப்பை முடித்தவன் 37 வயது வரை, அதாவது தன் குழந்தையை ஸ்கூலில் சேர்த்த பிறகும், தன் காலேஜ் ஃபீஸைக் கட்டிக்கொண்டிருப்பான்.

நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கி, ஹாஸ்டலிலும் சேர்த்து, ஆண்டுக்கு 1.6 லட்சம் ஆனால்? 6.4 லட்சம் கடன், தவணை தொடங்கும்போது 8.64 லட்சமாக நிற்கும். பத்து வருடத் தவணை மாதம் 11,418. மெக்கானிக்கல் முதல் சம்பளத்தில் இது முடியாத காரியம். இந்த இடத்தில் நான் சுற்றி வளைக்க விரும்பவில்லை: நிர்வாக ஒதுக்கீட்டில் கடன் வாங்கி மெக்கானிக்கல் படிக்க வேண்டாம். அப்பா கையில் பணம் இருந்தால் அது அவர் விருப்பம்.

சரி, எவ்வளவுதான் தாங்கும்? முதல் சம்பளத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் தவணை போகக் கூடாது என்று வைத்துக்கொண்டால், 15,800-ல் சுமார் 4,000. பத்து வருடம், 10 சதவீதம் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டால், நான்கு வருடத்தில் வாங்கக்கூடிய கடன் 2.2 லட்சம்தான் வருகிறது. இந்த எண்ணைப் பார்த்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. கட்டண நிர்ணயக் குழு 2017-ல் சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு நிர்ணயித்த ஆண்டுக் கட்டணம், தர அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு 55,000 ரூபாய். நான்கு வருடத்துக்கு 2.2 லட்சம்! கவுன்சலிங்கில் வாங்கிய இடத்தின் படிப்புக் கட்டணத்தை மட்டும் கடனில் போட்டால், அந்தப் பாரம் மெக்கானிக்கல் சம்பளத்தில் இறங்கிவிடும். தவணை 3,925 ரூபாய். ஹாஸ்டல், பஸ், லேப்டாப், இண்டஸ்ட்ரியல் விசிட் என்ற பெயரில் ஊட்டி டூர் எல்லாவற்றையும் கடனில் ஏற்றும்போதுதான் வண்டி குடை சாய்கிறது.

படிக்கும்போதே வட்டியைக் கட்டலாம் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும் யாரும் கட்டுவதில்லை. 55,000 ரூபாய்க்கு முதல் வருடம் மாத வட்டி 458 ரூபாய். இரண்டாம் வருடம் 917. கடைசி வருடம்தான் 1,800-ஐத் தாண்டும். இப்படிக் கட்டி வந்தால் பெரும்பாலான வங்கிகள் வட்டியில் ஒரு சதவீதம் குறைக்கும். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. முதல் இரண்டு வருட வட்டிக்கு அதுவே போதும். அந்தப் பணம் வருகிற கணக்கிலிருந்தே வட்டி போகும்படி எழுதிக் கொடுத்துவிட்டால் கண்ணில் படாமல் கடன் கரையும்.

குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் இருக்கிறது. 2009-ல் தொடங்கியது, தவணை விடுப்புக் காலம் முழுவதற்குமான வட்டியை அரசே ஏற்கும். அப்படிக் கிடைத்தால் 2.2 லட்சம் அப்படியே 2.2 லட்சமாக நிற்கும், தவணை 2,907 ரூபாய்க்கு இறங்கிவிடும். ஆனால் 2018-க்குப் பிறகு கல்லூரிக்கு நாக் அங்கீகாரமோ, அந்தப் படிப்புக்கு என்.பி.ஏ. அங்கீகாரமோ இருந்தால்தான் இது கிடைக்கும். சேர்க்கும்போது ஏ.சி. வகுப்பறையையும் பஸ் வசதியையும் விசாரிக்கிற பெற்றோர், மெக்கானிக்கலுக்கு என்.பி.ஏ. இருக்கிறதா, எந்த வருடம் வரை என்று கேட்பதில்லை. அந்த ஒரு கேள்வி, 2.2 லட்சத்துக்குத் தவணை விடுப்புக் காலத்தில் ஏறும் வட்டியான 77,000 ரூபாய் பெறும். 2024 நவம்பரில் வந்த பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம் 8 லட்சம் வருமானம் வரை மூன்று சதவீத வட்டிச் சலுகை தருகிறது. ஆனால் நாட்டில் தேர்ந்தெடுத்த நிறுவனங்களுக்கு (தொடக்கத்தில் 860) மட்டும். வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்கு ஒரு சலுகை இருப்பதையும் பெருமையாகச் சொல்வார்கள். வருடம் 2.4 லட்சம் சம்பாதிக்கிறவனுக்கு வரியே கிடையாது. அவனுக்கு எதற்கு வரிச்சலுகை?

இடத்தைத் தேடினால் கடன் குறையும்

எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ஓடுவதில் மெக்கானிக்கல் பையன்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது. சுமாரான சுயநிதிக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கிற கட்-ஆஃபுக்கு, அதைவிட எவ்வளவோ நல்ல கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைக்கும். அரசுக் கல்லூரிகளில் கட்டணம், சுயநிதிக் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு சிறு பங்குதான். 1945-ல் தொடங்கிய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, பர்கூர், சேலம், திருநெல்வேலி என்று அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. கேம்பஸுக்கு வரும் கம்பெனிகளும் கல்லூரியைப் பார்த்துத்தான் வருகின்றன. ஊர் தூரம் என்று விருப்பப் பட்டியலில் இவற்றைக் கீழே தள்ளிவிட்டு, வீட்டு வாசலில் பஸ் வருகிற கல்லூரியை மேலே வைக்கிற பழக்கத்துக்கு விலை சில லட்சம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்பு, ஹாஸ்டல் எல்லாமே அரசு செலவு. அவர்களுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை.

பத்தாவது முடித்து பாலிடெக்னிக் போவதை நம் வீடுகளில் இன்னும் ஒரு படி கீழாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் கடன் கணக்கில் அதைவிடக் கெட்டிக்காரத்தனமான வழி கிடையாது. அரசு பாலிடெக்னிக்கில் செலவு சொற்பம். 18 வயதில் சம்பாதிக்க ஆரம்பிக்கலாம், அல்லது நேரடியாக பி.ஈ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்து ஒரு வருடக் கட்டணத்தை மிச்சப்படுத்தலாம். கோவையில் பகலில் பம்ப் கம்பெனியிலோ ஃபவுண்டரியிலோ வேலை பார்த்துவிட்டு, மாலையில் பகுதிநேர பி.ஈ. வகுப்புக்குப் போகிறவர்கள் பல தலைமுறையாக இருக்கிறார்கள். பட்டம் வாங்குகிற நாளில் அவர்களிடம் கடன் இருக்காது, அனுபவம் இருக்கும்.

கேம்பஸில் வரும் ஐ.டி. கம்பெனி வேலையை என்ன செய்வது என்பது அடுத்த குழப்பம். டி.சி.எஸ். போன்றவை மொத்தமாக ஆள் எடுக்கும்போது தரும் தொகை வருடம் 3.36 லட்சம் என்ற அளவிலேயே பல வருடமாக நிற்கிறது. அப்படியும் உதிரிபாகக் கம்பெனி தருவதைவிட மாதம் எட்டாயிரம் கூடுதல். தெர்மோடைனமிக்ஸ் படித்துவிட்டு டெஸ்டிங்கில் போய் உட்காருவதா என்று வாத்தியார்கள் வருத்தப்படுவார்கள். மூன்று லட்சத்துக்கு மேல் கடன் இருப்பவனுக்கு அந்த வருத்தத்துக்கெல்லாம் வசதி கிடையாது, போய்விடுவதே நல்லது. கடன் இல்லாதவனும் குறைவாக உள்ளவனும் மட்டும்தான் சொற்பச் சம்பளத்துக்கு நல்ல டூல் ரூமில் சேர்ந்து தொழில் கற்றுக்கொள்ள முடியும். கேட் தேர்வுக்கு ஒரு வருடம் உட்கார்ந்து படித்து, அடிப்படைச் சம்பளமே 50,000 ரூபாயில் தொடங்குகிற பொதுத்துறை நிறுவனங்களுக்கு முயற்சி செய்வதும் அவர்களால்தான் ஆகும். பிடித்த வேலைக்காகக் காத்திருக்க முடியுமா, முடியாதா என்பதைக் கடனின் அளவே முடிவு செய்துவிடுகிறது.

அரியர் என்ற எதிரியையும் இந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். மெக்கானிக்கலில் ஹீட் டிரான்ஸ்ஃபரிலோ ஃபைனைட் எலிமென்டிலோ தடுக்கி விழாதவர்கள் குறைவு. கேம்பஸில் நிலுவை அரியர் இருந்தால் பெரும்பாலான கம்பெனிகள் பெயரையே எடுக்காது. அரியரை முடித்துப் பட்டம் கைக்கு வர ஒரு வருடம் ஆனால், வங்கி கொடுத்த தவணை விடுப்பு வருடம் அதிலேயே தீர்ந்துவிடும்.

கட்டாமல் விட்டால்

தேர்தல் வந்தால் கல்விக் கடன் தள்ளுபடி என்ற வாக்குறுதியும் கூடவே வரும். அதை நம்பித் தவணையை நிறுத்திவைத்தவர்கள் ஏராளம். மூன்று மாதத் தவணை நின்றால் வங்கிக் கணக்கில் அது வாராக்கடன். பையனுடைய சிபில் ஸ்கோர் மட்டும் இறங்குவதில்லை. கூட்டுக் கடனாளி என்று கையெழுத்துப் போட்ட அப்பாவுடையதும் சேர்ந்தே இறங்கும். தங்கச்சி படிப்புக்கு அதே வங்கியில் போய் நிற்கும்போதுதான் அது தெரியவரும். வசூலாகாத கல்விக் கடன்களை வங்கிகள் தனியார் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு விற்பதும் இங்கே நடந்திருக்கிறது. ஸ்டேட் வங்கியே ஒரு பகுதியை அப்படி விற்றது. அதன்பின் பேசுவதற்குக் கிளை மேலாளர் இருக்க மாட்டார், போனில் ஏஜென்ட்தான் இருப்பார்.

கட்ட முடியவில்லை என்றால் முதல் தவணை தவறுவதற்கு முன்பே, சம்பளச் சீட்டோடு கிளைக்குப் போய்க் காலத்தை நீட்டித் தரச் சொல்லி எழுத்தில் கேட்க வேண்டும். பத்து வருடத்தை 15 ஆக்கித் தவணையைக் குறைக்க இடம் இருக்கிறது. சம்பளம் ஏறியதும் கூடுதலாகக் கட்டி முன்கூட்டியே முடித்துவிடலாம். வட்டி மானியத்துக்கு உரிய வருமானச் சான்றிதழைக் கடன் வாங்கும்போதே கொடுத்து, அது மானியப் பட்டியலில் ஏறியதா என்று ஒவ்வொரு வருடமும் கடன் கணக்கின் விவர அறிக்கையை வாங்கிப் பாருங்கள். "அதெல்லாம் ஆட்டோமேட்டிக்கா வந்துடும்" என்று கவுன்டரில் சொன்னால், எந்தத் தேதியில் விண்ணப்பம் போனது என்று திருப்பிக் கேளுங்கள்.